அழகு வாத்து வளர்ப்பும் விற்பனை நாணயமும்

(ஊராட்சி உறுப்பினர்களும் கோழி, வாத்து வளர்ப்போரும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



நெல்லைப் பற்றியோ ஏரிப் பாசனத்தைப் பற்றியோ பேசுவோம் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள் கூஸ் வாத்து. நீண்ட கழுத்தை நிமிர்த்தி நடப்பதும், அயலார் வாசலில் கால் வைத்தால் ஊரைக் கூட்டுவதுமான அந்தப் பறவையைத் தோட்ட வீட்டார் அழகுக்காகவும் காவலுக்காகவும் விரும்பி வாங்குகிறார்கள். காவல் என்பது வெறும் பேச்சன்று. ஸ்காட்லாந்தில் டம்பார்ட்டன் என்னும் ஊரில் ஒரு மதுக் கிடங்கை 1959 முதல் 2012 வரை இவ்வாத்துக் கூட்டமே காத்து வந்தது. இப்பறவையால் நம் ஒன்றியத்தில் சில குடும்பங்களுக்குப் புதிய வருவாய் கிட்டியிருக்கிறது. அந்த வருவாய் நிலைத்து நிற்குமா என்ற ஐயம் நமக்கு எழுந்ததனாலேயே உங்களை இங்கே அழைத்தோம்.

ஐயம் எழுந்த விதத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். கணவரை இழந்த அம்மையார் ஒருவர் மகளிர் குழுவில் கடன் பெற்று, ஜோடி 4,000 ரூபாய் வீதம் இரண்டு ஜோடிக் குஞ்சுகள் வாங்கினார். இன்னாரிடம் வாங்கலாம் என்று வழிகாட்டியது நம் அலுவலகமே. ஓராண்டு தீனி போட்டு வளர்த்தார்; முட்டை இல்லை. முதலாண்டு அப்படித்தான் இருக்கும் என்றார் விற்றவர். நாமும் அதையே திருப்பிச் சொன்னோம். இரண்டாம் ஆண்டும் கழிந்தது. பிறகு கால்நடை மருத்துவரை அழைத்துச் சென்று காட்டினோம். நான்கும் ஆண். (அன்று அவை நான்கும் கழுத்தை நீட்டி நம்மைப் பார்த்துச் சீறியதற்குக் காரணம் இல்லாமலில்லை.)

விற்றவரைக் கேட்டோம். "குஞ்சிலே யாருக்குங்க தெரியும்?" என்றார். அவர் பொய்யர் அல்லர். ஆனால் தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் சொல்லிக் காசு வாங்கினார். "ஜோடி" என்ற சொல்லுக்குத்தான் அந்த அம்மையார் 8,000 ரூபாய் கொடுத்தார். இரண்டிரண்டாகப் பறவை வேண்டும் என்பதற்காக அன்று.

உண்மையில் குஞ்சிலும் தெரிந்துகொள்ள முடியும். பழகிய கை எச்சத்துளையை மெல்ல விரித்துப் பார்த்துப் பிறந்த ஓரிரு நாளிலேயே ஆண் பெண் பிரித்துவிடும். பழகாத கை முயன்றால் குஞ்சுக்குக் காயம் ஏற்படும்; ஆகையால் கால்நடை மருந்தகத்தில் நேரில் பார்த்துக் கற்ற பிறகே செய்க. அது இயலாதவர் பொறுத்திருக்கலாம். அலகின் மேல் குமிழ் உடைய சீன இனத்தில் வளர வளர ஆணின் குமிழ் பெரிதாகும். ஆணின் குரல் கீச்சென்று உயரும், பெட்டையின் குரல் தடித்து ஒலிக்கும். பொறுக்கவும் முடியாதென்றால், "ஆண் பெண் பிரிக்காத குஞ்சு" என்று வாய்விட்டுச் சொல்லிக் குறைந்த விலைக்கு விற்கலாம். அதில் குற்றமில்லை, வாங்குகிறவர் ஜோடி அமைய ஐந்தாறு குஞ்சாக வாங்கிக்கொள்வார்.

அடுத்து, தரம். முதலாண்டுப் பெட்டையின் முட்டை சிறியது, பொரிப்பதும் குறைவு. இரண்டு வயதுக்கு மேற்பட்ட தாய்ப் பறவையிலிருந்து குஞ்சு எடுப்பதே முறை. அவசரப்படுகிறவர்கள் இதைக் கேட்பதில்லை. ஒரே ஈட்டில் பிறந்த அண்ணனையும் தங்கையையும் ஜோடியாக்கி விற்கும் வழக்கமும் இருக்கிறது. தலைமுறைதோறும் இப்படியே போனால் பொரிப்பு குறையும், குஞ்சு நோஞ்சானாகும். பக்கத்து ஊர்க்காரரோடு ஆண் பறவையை மாற்றிக்கொள்வதற்குப் பணம்கூட வேண்டியதில்லை. மனம் இருந்தால் போதும்.

சிறகுக் குறையைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். ஏமாற்று அங்கேதான் மிகுதி. சில குஞ்சுகளுக்கு இறகு முளைக்கும் வாரங்களில் சிறகின் நுனி உடலோடு மடியாமல் வெளிப்புறம் விரிந்து நிற்கும். புரதம் மிகுந்த தீனியைப் போட்டு வேகமாக வளர்ப்பது இதற்கு முக்கியக் காரணம். எலும்பு தாங்குமுன் இறகின் கனம் கூடிவிடுகிறது. மரபும் ஒரு காரணமாகலாம். ஆரம்பத்திலேயே கண்டு, சிறகை இயல்பாக மடித்து மெல்லிய நாடாவால் சில நாள் கட்டினால் பெரும்பாலும் சரியாகும். முற்றிவிட்டால் திருந்தாது. திருந்தாத பறவையின் இறகை வெட்டி, நல்ல பறவைபோல் சந்தையில் நிறுத்தியிருப்பதை நாம் கண்ணால் கண்டிருக்கிறோம். அப்படிப்பட்ட பறவை காவலுக்கு உதவும், பல ஆண்டு உயிரோடும் இருக்கும். குறையைச் சொல்லிக் காவலுக்கென்று விற்பது நேர்மை. இனவிருத்திக்கென்று விற்பது மோசடி.

தீனியை ஒட்டி இரண்டு செய்தி. கோழிக் குஞ்சுக்கு வேண்டியதைவிட வாத்துக் குஞ்சுக்கு நயாசின் என்ற சத்து அதிகம் வேண்டும். அது குறைந்தால் கால் வளைந்துவிடும். கோழித் தீனியை மட்டும் போட்டு வளர்ப்பவர்கள் மருத்துவரைக் கேட்டு அதனைச் சேர்க்க வேண்டும். மற்றொன்று, பூஞ்சணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கு. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சணம் உண்டாக்கிய நஞ்சே காரணம் என்று பின்னர் கண்டார்கள். வாத்தினம் அந்த நஞ்சைச் சிறிதும் தாங்காது. மாட்டுக்கு ஆகாது என்று ஒதுக்கிய பிண்ணாக்கை வாத்துக்குப் போடுவது நம் ஊர்களில் சர்வ சாதாரணமாக இருக்கிறது.

விலை உயர்ந்த இனங்களை நாடுவோர்க்கு ஒரு சொல். செபாஸ்டபோல் என்று கருங்கடல் துறைமுகத்தின் பெயரைத் தாங்கிய இனம் ஒன்று உண்டு. இறகுகள் நாடா நாடாகச் சுருண்டு தொங்கும். பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி. ஆனால் அந்த இறகு மழைநீரை வழித்துவிடாது; பறவை நனைந்து நடுங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கூரையில்லாமல் அதை விட்டுவைத்தல் தகாது. விற்பவர் அழகைச் சொல்லும்போதே இதனையும் சொல்ல வேண்டும். சொன்னால் வியாபாரம் குறையுமே என்றால், குறையட்டும்.

சட்டத்துக்கு மாறானவையும் சில நடக்கின்றன. கால்களைச் சேர்த்துக் கட்டித் தலைகீழாக வண்டியில் தொங்கவிட்டுக் கொண்டுவருகிறார்கள். 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி இது குற்றம். காற்றோட்டமுள்ள கூடையில், நிற்க இடம்விட்டுக் கொண்டு வருக. குளிர்காலத்தில் இமயத்தைக் கடந்து திருநெல்வேலிச் சீமையில் கூந்தன்குளம்வரை வரும் வரித்தலை வாத்தைப் பிடித்து அழகுப் பறவை என்று விற்க முனைவோர், 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தண்டனைக்கு உள்ளாவார்கள். வாங்குகிறவரும் தப்ப முடியாது. புதிதாக வாங்கிய வளர்ப்பு வாத்தையும் மூன்று, நான்கு வாரம் தனியே வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். பறவைக் காய்ச்சல் கிருமியை வாத்து நோய்க்குறி காட்டாமலே சுமக்கக்கூடும். கேடு அண்டை வீட்டுக் கோழிகளுக்கு வரும்.

ஊராட்சி உறுப்பினர்களே! வாரச்சந்தை உங்கள் பொறுப்பில் நடக்கிறது. கட்டணமும் நீங்கள் வசூலிக்கிறீர்கள். சந்தையில் கூஸ் வாத்து விற்பவர் ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும் என்று தீர்மானம் போடலாமே. பொரித்த நாள், ஆண் பெண் பார்த்ததா பார்க்காததா, பெற்றவை உடன்பிறப்பா அயலா, சிறகிலும் காலிலும் குறை உண்டா என்பன இருந்தால் போதும். எழுத்தறியாதவர்க்குச் சந்தைக் கட்டணம் வசூலிப்பவரே எழுதிக் கொடுக்கலாம். "அப்படியெல்லாம் கேட்டால் வியாபாரி அடுத்த சந்தைக்குப் போய்விடுவான்" என்று ஓர் உறுப்பினர் முன்னமே நம்மிடம் சொன்னார். முதல் சில வாரம் போகத்தான் செய்வார்கள். சீட்டுக் கிடைக்கும் சந்தையென்று தெரிந்தால் வாங்குகிறவர்கள் எங்கே வருவார்கள் என்பதையும் அவர் எண்ணிப் பார்க்க வேண்டும். நம் அலுவலகமும் இனி, பறவையை மருத்துவர் பார்க்காமல் எவர் பெயரையும் எவருக்கும் சொல்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறது.

அந்த அம்மையாரின் கதையைப் பாதியில் விட்டுவிட்டோம். விற்றவர் இரண்டு ஆணைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, மருத்துவர் பார்த்துச் சொன்ன இரண்டு பெட்டைகளைக் கொடுத்தார். மேற்கொண்டு காசு கேட்கவில்லை. இப்பறவைகள் துணையை எளிதில் மாற்றிக்கொள்ளும் இயல்பின அல்ல. முதல் மாதம் பெட்டைகள் ஒருபுறமும் ஆண்கள் ஒருபுறமுமாக நின்றன. சென்ற வாரம் நாம் போயிருந்தபோது ஒரு பெட்டை தொழுவத்து மூலையில் வைக்கோலை அலகால் இழுத்துச் சேர்த்துக்கொண்டிருந்தது. முட்டை இன்னும் இடவில்லை. குழுக் கடனில் ஏழு தவணை பாக்கி நிற்கிறது.