எற்பாட்டுத் தேநீர்: மாநகரில் ஓர் இருக்கை



தமிழ் மரபு ஒரு நாளை ஆறு சிறுபொழுதுகளாகப் பகுத்தது. அவற்றுள் எற்பாடு என்பது கதிரவன் மேற்கே சாயும் பிற்பகல் வேளை. தொல்காப்பியம் அதனை நெய்தலுக்கு உரியதாக்கியது. இன்றோ நெய்தல், மருதம் என்ற வேறுபாடின்றி எல்லா நிலத்துக்கும் எற்பாடு தேநீர்ப் பொழுதாகிவிட்டது. நான்கு மணியானதும் அலுவலகத்தில் கோப்பு மூடப்படுகிறது. பட்டறையில் சுத்தியல் ஓய்கிறது. பேருந்து நிலையத்தில் பாய்லர் சீறுகிறது. அந்த வேளையில் ஒரு மாநகரில் எங்கே அமர்ந்து தேநீர் அருந்துவது என்ற வினா, இலக்கிய மேடைக்கு மிகச் சிறியதாகத் தோன்றலாம். வினவுபவர் ஆண் எனில் அது சிறிய வினாவே; தெருமுனையில் விடை கிடைத்துவிடும். வினவுபவர் பெண் எனில், விடை தேடி ஒரு நூற்றாண்டு வரலாற்றைப் புரட்ட நேர்கிறது.

தேநீரின் பெயரே கடல் கடந்து வந்தது. சீனத்தின் ஃபூஜியன் கடற்கரை மக்கள் ‘தே’ என்றனர்; அது டச்சு வணிகரின் கப்பலேறி ஐரோப்பாவுக்குச் சென்றது. நிலவழியே பயணம் செய்த நாடுகளில் ‘சா’ என்ற வழக்கு ‘சாய்’ ஆயிற்று. தமிழ் முன்னதை ஏற்றுத் தேயிலை, தேநீர் என இரு சொற்களை ஆக்கிக்கொண்டது. ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் உருது பேசும் இல்லங்களில் பின்னது வழங்குகிறது. ஆகவே பாலாற்றங்கரையில் கடல்வழிச் சொல்லும் நிலவழிச் சொல்லும் ஒரே பெஞ்சில் அமர்ந்திருக்கின்றன. சொற்களுக்குக் கிடைத்த அந்த இடம் மனிதருக்கு அவ்வளவு எளிதில் கிட்டவில்லை.

ஆ. இரா. வேங்கடாசலபதி தம் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ (2000) என்னும் நூலில், காப்பி நடுத்தர வகுப்பாரின் அடையாளமாகவும் தேநீர் உழைப்பாளரின் பானமாகவும் கருதப்பட்ட நிலையை விரிவாக ஆராய்ந்துள்ளார். என்ன குடிப்பது என்பதைப் போலவே, எங்கே அமர்ந்து குடிப்பது என்பதும் பிறப்பைக் கொண்டு முடிவு செய்யப்பட்டது. புகைவண்டி நிலைய உணவு விடுதிகளில் ‘பிராமணாள்’, ‘இதராள்’ என்று பிரித்து வைத்திருந்த பலகைகள் 1941-இல் நீங்கின. சென்னைத் திருவல்லிக்கேணியில் முரளி கஃபேயின் பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை அகற்றக் கோரிப் பெரியாரின் இயக்கத்தினர் 1957-இல் மாதக்கணக்கில் மறியல் செய்து சிறை சென்றனர். சிற்றூர்களில் நிலைமை இன்னும் கொடியது. ஒருவருக்குக் கண்ணாடிக் குவளை, மற்றவருக்குச் சிரட்டை. அல்லது தனியே தொங்கவிடப்பட்ட வேறு குவளை. பொது உணவகத்தின் பாத்திரங்களைப் பயன்படுத்தத் தடை செய்வது குற்றம் என்று 1955-ஆம் ஆண்டுச் சட்டம் கூறிய பின்னும் இரட்டைக் குவளை முறை உடனே ஒழிந்துவிடவில்லை. மாநகரத் தேநீர்க் கடையில் முகமறியாத பத்துப் பேர் வாய் வைத்த குவளையில் தமக்கும் தேநீர் கிடைத்தபோது, கிராமத்திலிருந்து சென்ற பலருக்கு அது வெறும் தேநீராக இருந்திருக்காது.

அரசமைப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு கடைகளிலும் பொது உணவகங்களிலும் விடுதிகளிலும் எந்தக் குடிமகனையும் தடுக்கலாகாது என்கிறது. தடுப்பதற்குக் காரணமாகக் கூடாதவை என அது எண்ணிக் கூறுவனவற்றுள் மதமும் சாதியும் மட்டுமல்ல, பாலும் உண்டு. சாதிக்குப் பலகை இருந்தது. பலகையை எதிர்த்து மறியல் செய்ய முடிந்தது; ஒரு நாள் அதனை அழிக்கவும் முடிந்தது. பெண்ணுக்கு எந்தக் கடையிலும் பலகை எழுதி வைக்கவில்லை. ஆகவே அழிக்க வேண்டியது எது என்று சுட்டிக்காட்டவும் இயலவில்லை.

அணைக்கட்டிலிருந்து ஏதோ ஓர் அலுவலாகச் சென்னைக்குச் செல்லும் ஒரு பெண்ணை எண்ணிப் பார்க்கலாம். வேலூர் வந்து, காட்பாடியில் இரயிலேறி, நண்பகலுக்குள் அலுவலை முடித்துவிட்டாள். திரும்பும் வண்டிக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. கையில் காசு உண்டு. தேநீர் வேட்கையும் உண்டு. நடைபாதைக் கடையில் தேநீர் நன்றாக இருக்கும் என்பதை அங்குள்ள கூட்டமே சொல்கிறது. ‘ஸ்ட்ராங்’, ‘லைட்’, ‘சர்க்கரை கம்மி’ என்று குரல்கள் எழுகின்றன. பெஞ்சில் நாளிதழ் நான்கு தாள்களாகப் பிரிந்து நான்கு கைகளில் இருக்கிறது. அவள் அங்கே நிற்கலாம். எவரும் போ என்று சொல்லமாட்டார். கடைக்காரர் முதலில் அவளுக்கே கொடுத்துவிடுவார். அந்த முன்னுரிமையில் மரியாதை பாதி. விரைவில் குடித்துவிட்டுச் செல்லட்டும் என்பது மறுபாதி. பெஞ்சில் இருப்பவர் எழுந்து இடம் கொடுத்தாலோ அவள் அங்கு அமர்வது இன்னும் கடினமாகிவிடுகிறது. சூடு ஆறுமுன் விழுங்கிவிட்டு நகர்ந்துவிடுகிறாள்.

அடுத்து இருப்பது சைவ உணவு விடுதி. முன்பெல்லாம் அங்கே திரையிட்ட குடும்ப அறை ஒன்று இருக்கும். தனியே வந்த பெண்ணையும் பணியாளர் அதற்குள்ளேயே அனுப்பி வைப்பார். ஒரே ஆளைக் குடும்பம் என்று கணக்கிடும் விந்தை இலக்கணம் அது. இருக்கை கிடைக்கும், தெருவும் மனிதரும் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள். தேநீர் மட்டும் கேட்டால், ‘வேறென்ன?’ என்ற வினா இரண்டு முறை வரும். அண்ணா சாலையில் 1951-இல் தொடங்கப்பட்ட புகாரி போன்ற பழைய உணவகங்களுக்கும் செல்லலாம். நட்சத்திர விடுதிகளில் ஆங்கிலேய முறைப்படி அடுக்குத் தட்டில் தின்பண்டங்களோடு தேநீர் வைப்பார்கள். அங்கே அவளை எவரும் உற்று நோக்கமாட்டார், வாயிற்காப்போன் சலாமும் வைப்பான். ஆனால் அந்த ஒரு வேளைச் செலவு அணைக்கட்டில் ஒரு குடும்பத்தின் சில நாள் காய்கறிச் செலவுக்குச் சமம். அண்மை ஆண்டுகளில் பெருகியுள்ள குளிரூட்டப்பட்ட காப்பி நிலையங்களில் இளம்பெண்கள் மணிக்கணக்கில் அமர்ந்திருப்பதைக் காணலாம். வரவேற்கத்தக்க மாற்றமே அது. எனினும் அங்கும் இருக்கைக்கான வாடகை கோப்பையின் விலையில் அடங்கியிருக்கிறது. ஆணுக்குத் தெருவில் இலவசமாகக் கிடைக்கும் ஒன்றைப் பெண் விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது.

பிற்பகல் தேநீர் என்ற வழக்கத்தையே உலகுக்குப் பரப்பிய இங்கிலாந்திலும் இதே சிக்கல் இருந்தது. 1840-ஐ ஒட்டிப் பெட்ஃபோர்டு கோமாட்டி அன்னா தொடங்கி வைத்ததாகக் கூறப்படும் அவ்வழக்கம் மாளிகைக்குள் நடந்தது. இலண்டன் தெருவில் நடந்து களைத்த பெண்ணுக்கு மதுக்கடையும் ஆடவர் மன்றமும் உரியன அல்ல. 1864-இல் ஏ.பி.சி. என்ற ரொட்டி நிறுவனமும் 1894-இல் லயன்ஸ் நிறுவனமும் தொடங்கிய தேநீர்க் கடைகளே அவளுக்கு மாநகரில் துணையின்றி அமர ஓர் இடம் அளித்தன. கிளாஸ்கோவில் கேட் கிரான்ஸ்டன் என்ற பெண்மணி தேநீர் அறைகளைத் தாமே நடத்தினார். அவற்றுள் 1903-இல் திறக்கப்பட்ட வில்லோ அறைகள் கட்டடக் கலைக்காக இன்றும் போற்றப்படுகின்றன. வாக்குரிமை கேட்ட பெண்கள் கூடித் திட்டமிட்ட இடங்களுள் தேநீர் அறைகளும் உண்டு. அமர இடம் கிடைத்த பிறகே பேச்சு வளர்ந்தது என்பது எண்ணத்தக்கது.

இந்தியாவில் தேநீர் வேறு வழியில் பெண்ணிடம் வந்தது. 1947-இல் அன்னதா முன்ஷி வரைந்த புகழ்பெற்ற விளம்பரத்தில் இராட்டையும் கோப்பையுமாக ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். தேநீர் முழுச் சுதேசி என்கிறது அது. அழகிய ஓவியம்தான். ஆனால் அவள் இருப்பது வீட்டில். தேயிலைத் தோட்டத்தில் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளும் விரல்களும் பெரும்பாலும் பெண்களுடையவை. அத்தோட்டங்களின் கொடுமையை பி. எச். டேனியல் 1969-இல் ‘ரெட் டீ’ என ஆங்கிலத்தில் எழுதினார், இரா. முருகவேள் அதனை ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழாக்கினார். கிள்ளுபவளும் வீட்டில் காய்ச்சுபவளும் பெண். கடைப் பெஞ்சில் மட்டும் அவள் இல்லை.

தோல் தொழில் நிலமான இப்பகுதிக்கு வருவோம். வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை அவையோர் அறிவர். தோல் கழிவால் பாலாற்று நீர் கெட்டதைச் சட்ட நூல்கள் பேசுகின்றன. அதற்கு முன்பே தேநீர் பேசிவிட்டது. நீர் கெட்ட ஊரில் தேநீர்க் கடையைத் தேர்வது, தூளைத் தேர்வதன்று, தண்ணீரைத் தேர்வது. ஆம்பூர் வட்டாரக் காலணித் தொழிற்சாலைகளில் பணிபுரிவோர் பெரும்பாலும் பெண்கள். விடியலில் ஆலைப் பேருந்து ஏறுபவர்கள், பிற்பகல் தேநீரைச் சுற்றுச்சுவருக்குள் மணியடித்தபின் குடித்து, மணியடிக்கு முன் முடிக்கிறார்கள். மாலையில் அதே பேருந்து அவர்களை ஊர் முகப்பில் இறக்கிவிடுகிறது. அங்குள்ள கடையில் கணவரும் அண்ணனும் தம்பியும் அமர்ந்திருப்பர். சம்பளம் அவள் கையில் இருந்தாலும், அவள் அந்தப் பெஞ்சைக் கடந்து அடுப்படிக்கே செல்கிறாள். வீட்டுக்குத் தேநீர் வேண்டுமெனில் சிறுவனிடம் தூக்குவாளி கொடுத்து அனுப்புவதே வழக்கம்.

கவிஞர்கள் கூடியுள்ள அவையில் இன்னொன்றும் சொல்லத் தக்கது. தமிழில் இலக்கிய நட்பு தேநீர்க் கடைகளில் வளர்ந்தது. இதழ்கள் அங்கே கருக்கொண்டன. புதுக்கவிதை பற்றிய சண்டைகள் ஆறிப்போன குவளைகளின் முன் நடந்தன. அப்பெஞ்சைப் பாடிய கவிதைகளும் பல. பெண்கள் எழுதிய கவிதைகளிலோ தேநீர் பெரும்பாலும் அடுப்பிலிருந்து விருந்தினர் அறைக்குச் செல்லும் பாதையில் தென்படுகிறது. இதனைப் பார்வைக் குறுக்கம் என்று திறனாய்வாளர் சிலர் குறை கூறுவர். பெஞ்சில் இடமில்லாதவள் பெஞ்சை எப்படி எழுதுவாள் என்று அவர்கள் கேட்டதில்லை.

மும்பையில் ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே ஆகிய மூவர் 2011-இல் வெளியிட்ட ‘வொய் லாய்ட்டர்’ என்னும் நூல், பொது இடத்தில் பெண் எப்போதும் ஒரு காரணத்தோடு இருப்பதாகக் காட்டிக்கொள்ள வேண்டியிருப்பதைச் சுட்டி, காரணமின்றி இருக்கும் உரிமையைக் கோரியது. 2015-இல் கராச்சியில் இளம்பெண்கள் சாலையோரத் தாபாக்களில் அமர்ந்து தேநீர் அருந்தும் படங்களை வெளியிட்டனர். அங்கே அதற்கு இயக்கம் என்றே பெயர் வந்தது.

வேலூரில் அத்தகைய இயக்கம் எதுவும் இல்லாமலே ஒன்று நிகழ்ந்திருக்கிறது. ஐடா ஸ்கடர் 1900-இல் தொடங்கிய மருத்துவமனையை நாடி வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நோயாளிகளும் துணையாக வருவோரும் காந்தி சாலையில் மாதக்கணக்கில் தங்குகிறார்கள். வங்க எழுத்துப் பலகை தொங்கும் கடைகளின் முன் அவ்வீட்டுப் பெண்கள் ஆடவரோடு நின்றும் அமர்ந்தும் தேநீர் அருந்துகிறார்கள். அதை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அணைக்கட்டுப் பேருந்துக்குக் காத்திருக்கும் உள்ளூர்ப் பெண்களும் இப்போது சில நாள்களில் இருவர் மூவராக அங்கே நிற்கிறார்கள். இன்னும் அமரவில்லை.