இடது தடத்தில் குடியிருக்கக் கூடாது

நேயர்களே, ஜெர்மனி என்றதும் பெர்லின் சுவர், கொலோன் தேவாலயம், மலைமேல் நிற்கிற அந்த நோய்ஷ்வான்ஸ்டைன் அரண்மனை எல்லாம் உங்களுக்கே நினைவுக்கு வந்துவிடும். காலண்டர் படத்தில் பார்த்துப் பார்த்துப் பழகியவைதானே! அவற்றை விட்டுவிடுகிறேன். இன்றைக்கு ஒரு சாலையைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து தென்கிழக்கே நூரம்பெர்க் போகிற ஏ 3 நெடுஞ்சாலை. அவர்கள் ஊரில் ஆட்டோபான். இந்த ரகச் சாலைகள் நாடு முழுக்க ஏறக்குறைய 13,000 கிலோமீட்டருக்கு ஓடுகின்றன.

என் சித்தப்பா மகன் நூரம்பெர்க்கில் வேலை பார்க்கிறான். மனைவியோடு விமான நிலையத்துக்கு வந்து என்னை ஏற்றிக்கொண்டான். ஊர் எல்லை தாண்டும்வரை 100, 120 என்று வேகவரம்புப் பலகைகள். அப்புறம் வெள்ளை வட்டமாக ஒரு பலகை வந்தது. எண் எதுவும் இல்லை, சாய்வாகச் சில கறுப்புக் கோடுகள் மட்டும். "அக்கா, இனிமே நம்ம இஷ்டம்" என்றான் தம்பி. அதுவரை இருந்த கட்டுப்பாடெல்லாம் அந்தப் பலகையோடு சரி. ஆட்டோபானின் மொத்த நீளத்தில் சுமார் 70 சதவீதத்துக்கு நிரந்தர வேகவரம்பு கிடையாது. 130-க்கு மேல் வேண்டாமே என்று 1978-லிருந்து ஒரு பரிந்துரை இருக்கிறது. பரிந்துரைதான், மீறினால் அபராதமில்லை. ஆனால் விபத்து என்று வந்துவிட்டால், 130-ஐத் தாண்டினாயா என்ற கேள்வி இழப்பீட்டு வழக்கில் வந்து உட்காரும்.

முள் 180-ல் நின்றது. வண்டி குலுங்கவில்லை, சத்தமும் பெரிதாக இல்லை. சாலையோரத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு அடிவயிறு கலங்கியது. ஓரத்தில் வரிசையாக வெள்ளைக் குட்டைக் கம்பங்கள். தலைப்பக்கம் சாய்வாக ஒரு கறுப்புப் பட்டை, அதற்குள் விளக்கொளி பட்டால் மின்னுகிற ஒரு சில்லு. நேர்ச் சாலையில் 50 மீட்டருக்கு ஒன்று நட்டிருக்கிறார்கள். 180-ல் போனால் நொடிக்கு ஒரு கம்பம்! கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக வரும்.

முன்னால் போகிற வண்டிக்கும் நமக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதற்கும் அந்தக் கம்பம்தான் அளவுகோல். வேகத்தில் பாதியை மீட்டராக வைத்துக்கொள் என்று அங்கே சொல்லிக்கொடுக்கிறார்கள். 100-ல் போனால் 50 மீட்டர், அதாவது ஒரு கம்பத் தூரம். வண்டி நின்றுபோய் நீங்கள் ஓரமாக இறங்கினால், அதே கம்பத்தில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். அவசரத் தொலைபேசி எந்தப் பக்கம் கிட்டே என்று காட்டும். ஒரு வெள்ளைக் குச்சிக்கு எத்தனை வேலை பாருங்கள்.

ஆனால் பெட்ரோல் தீர்ந்து நின்றேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பார்த்து நிரப்பியிருக்க வேண்டியது உன் பொறுப்பு என்று அபராதம் எழுதிவிடுவார்கள்.

இவ்வளவு வேகம் எப்படி முடிகிறது? சாலை வழவழப்பாக இருப்பது ஒரு பாதிதான். மறுபாதி இடது தடத்தில் இருக்கிறது. அங்கே வண்டிகள் வலப்பக்கம் போகும், அது தெரியும் உங்களுக்கு. ஆக, இடது தடம் முந்துவதற்கு. முந்தியாயிற்றா, வலப்பக்கம் திரும்பி வந்துவிட வேண்டும். சாலை காலியாக இருந்தாலும் இடது தடத்தில் குடியிருக்கக் கூடாது. வலப்பக்கமாக நுழைந்து முந்துவதும் குற்றம். தம்பி முந்துவான், ஒதுங்குவான், மறுபடி முந்துவான். கண்ணாடியில் தூரத்தில் புள்ளியாகத் தெரிந்த கார், நாங்கள் ஒதுங்கி முடிப்பதற்குள் பக்கத்தில் வந்து, கடந்து, போயே போய்விட்டது. லாரிகளுக்கு 80-தான் வரம்பு. அவை வலது ஓரத்தில் கோர்த்தாற்போலப் போகின்றன. ஞாயிற்றுக்கிழமை இரவு 10 மணிவரை பெரிய லாரிகள் ஓடவே கூடாது.

எல்லாரும் உத்தமர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பின்னால் வந்து முட்டுகிறாற்போல ஒட்டிக்கொண்டு விளக்கைச் சிமிட்டுகிறவர்கள் அங்கேயும் உண்டு. ஒருவன் எங்களை அப்படித்தான் துரத்தினான். தம்பி தமிழில் ஒன்று சொன்னான். ஒலிபரப்ப முடியாது.

வழியில் ஷ்பெஸ்ஸார்ட் என்று பெரிய காடு. ஒரு காலத்தில் வழிப்பறிக்குப் பேர்போனது. வில்ஹெல்ம் ஹாஃப் என்ற எழுத்தாளர் 19-ஆம் நூற்றாண்டில் அந்தக் காட்டுச் சத்திரம் ஒன்றை வைத்து எழுதிய கொள்ளையர் கதை அங்கே பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். இப்போது அதே காட்டுக்குள் நெடுஞ்சாலை ஓய்விடம் இருக்கிறது. கழிப்பறைக்குப் போக ஒரு யூரோ போட்டால்தான் தடுப்புச் சுழலும். வழிப்பறி முழுசாக ஒழிந்துவிடவில்லை! அந்த யூரோவுக்கு ஒரு சீட்டு தருகிறார்கள், கடையில் ஏதாவது வாங்கினால் கழித்துக்கொள்ளலாம். நாங்கள் உப்புக்கல் ஒட்டிய ப்ரெட்செல் ஒன்று வாங்கிவிட்டு, வெளியே மர பெஞ்சில் உட்கார்ந்து தம்பி மனைவி கட்டிவந்த புளிசாதத்தைப் பிரித்தோம். பக்கத்து பெஞ்சிலும் வீட்டுச் சாப்பாடுதான்: ரொட்டி, வேகவைத்த முட்டை.

மறுபடி கிளம்பியபோதுதான் எனக்குப் பிடித்த விஷயம் நடந்தது. காரில் தம்பி இளையராஜா போட்டிருந்தான். பாட்டு பாதியில் நின்று, ஜெர்மன் மொழியில் ஒரு குரல் பேசியது. அரை நிமிடம்தான், பிறகு பாட்டு விட்ட இடத்திலிருந்து வந்தது. போக்குவரத்துச் செய்தியாம். நாம் எதைக் கேட்டுக்கொண்டிருந்தாலும் வானொலி குறுக்கே வந்து பேசும். 1974-லேயே இதற்கு ஏற்பாடு செய்துவிட்டார்கள். நிலையத்திலிருந்து காதுக்குக் கேட்காத ஒரு சமிக்ஞை வரும், அது ஓடுகிற பாட்டை நிறுத்திவிட்டு அறிவிப்பாளரைப் பேசவிடும். வானொலிக்காரிக்கு இதைவிடப் பெருமை வேண்டுமா? இங்கே நாங்கள் கெஞ்சினாலும் நீங்கள் நிலையத்தை மாற்றிவிடுகிறீர்கள்! யாராவது எதிர்த்திசையில் நெடுஞ்சாலைக்குள் புகுந்துவிட்டால், அந்தக் குரல்தான் எல்லாருக்கும் சொல்லும்: வலது ஓரமாகவே போங்கள், முந்தாதீர்கள் என்று.

அன்றைக்குச் சொன்னது வூர்ட்ஸ்பர்க் பக்கம் விபத்து என்று. கொஞ்ச தூரத்தில் முன்னால் போன கார்களின் நான்கு விளக்குகளும் சிமிட்டின. தம்பியும் போட்டான். வேகம் குறைந்து, ஊர்கிற நிலைக்கு வந்தபோது பார்க்கிறேன், இடது தடத்து வண்டிகள் எல்லாம் இடது ஓரத்துக்கு நகர்கின்றன. நடுத்தடமும் வலது தடமும் வலப்பக்கம் நகர்கின்றன. நடுவே வகிடு எடுத்தாற்போல ஒரு வழி. ஆம்புலன்ஸ் வரவில்லை, சைரன் கேட்கவில்லை. வந்தால் போகட்டும் என்று முன்கூட்டியே விட்டுவைத்த வழி அது. ஒரு கார் இழுத்துவந்த கேரவன் மட்டும் பின்பக்கம் துருத்திக்கொண்டு நின்றது. பின்னால் இருந்த லாரிக்காரர் ஒரு ஹாரன் கொடுத்தார். வழி முழுக்க நான் கேட்ட ஒரே ஹாரன் அதுதான். கேரவன் ஒதுங்கியது. கொஞ்ச நேரத்தில் ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் அந்த வகிட்டில் தடையில்லாமல் போயின. காலியாகத்தானே கிடக்கிறது என்று அவற்றின் பின்னாலேயே ஒரு கார்கூட நுழையவில்லை.

"இவங்களுக்குப் பிறவியிலேயே இந்தப் புத்தியா?" என்று கேட்டேன். தம்பி மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீங்க வேற, அண்ணி! வழி விடலைன்னா குறைஞ்சது 200 யூரோ அபராதம். ஒரு மாசம் வண்டியைத் தொடக்கூடாது" என்றாள். ஊரில் ஸ்கூட்டி மட்டும் ஓட்டியவள், கார் ஓட்ட அங்கேதான் கற்றுக்கொண்டாள். வகுப்பில் பாடம், எழுத்துத் தேர்வு, முதலுதவிப் பயிற்சி. சாதாரணப் பயிற்சி போக, ஊருக்கு வெளியே 5, ஆட்டோபானில் 4, இருட்டில் 3 என்று கட்டாயப் பாடங்கள், ஒவ்வொன்றும் 45 நிமிடம். செலவு ஆயிரக்கணக்கான யூரோ. "அவ்வளவு கொட்டி வாங்கின லைசென்ஸை யாராவது தொலைப்பாங்களா?"

அடுத்த ஓய்விடத்தில் அவள் ஓட்டுநர் இருக்கைக்கு மாறினாள். கோடு போட்ட வெள்ளைப் பலகை மறுபடி வந்தது. முள் 120-ல் இருந்தது. கார் வலது தடத்தை விட்டு அசையவில்லை. தம்பிக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"ஏய், வரம்பே இல்லன்னு போட்டிருக்கான், கொஞ்சம் மிதியேன்."

"வரம்பு இல்லன்னுதாங்க போட்டிருக்கான். வேகமா போனாத்தான் விடுவேன்னு போட்டிருக்கானா? பெட்ரோல் விலை தெரியுமில்ல?"

அந்த நாட்டு அரசியலில் அரை நூற்றாண்டாக ஓடுகிற சண்டையும் இதுதான். 1973 எண்ணெய் நெருக்கடியில் எல்லாருக்கும் 100 என்று வரம்பு போட்டார்கள். நான்கு ஞாயிற்றுக்கிழமை காரே கூடாது என்றார்கள், ஜனங்கள் ஆட்டோபானில் காலாற நடந்தார்கள். அடுத்த ஆண்டே வரம்பு போய்விட்டது. வரம்பு கூடாது என்று நெடுங்காலம் கொடிபிடித்த ஏடிஏசி வாகன ஓட்டிகள் சங்கம், 2020-ல் நாங்கள் இனிக் கொள்கையாக எதிர்க்கவில்லை என்று இறங்கிவந்தது. வரம்பு மட்டும் இன்னும் வரவில்லை.

எங்கள் காரில் வந்துவிட்டது. நூரம்பெர்க் வரை 120-தான்.

அந்த ஊரில் விரல் நீளத்துக்குக் குட்டி சாஸேஜை மூன்று மூன்றாக ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள். அதைச் சொல்லத்தான் வந்தேன், நேரம் முடிந்துவிட்டது. அடுத்த வாரம் பார்க்கலாம்.