ஒரு வோல்ட்டின் கணக்கு

பெரியவர்களே, தாய்மார்களே, எலக்ட்ரானிக்ஸ் பழுதுபார்ப்பு பழகும் பிள்ளைகளே!

கல்வராயன் மலையில் செல்போன் சிக்னல் சரியாக எட்டாத ஊர்கள் இன்னும் இருக்கின்றன. மழைக்காலத்தில் அங்கே ஒரு சிறிய ரேடியோ பெரிய துணை. அது பழுதானால், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத்தான் கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வர வேண்டும். நாம் சரிசெய்து கொடுத்தது மறுவாரமே நின்றுபோனால் இன்னொரு நாள் கூலியும் போகும். ஆகவே இன்று ஒரே ஒரு பாகத்தைப் பற்றிப் பேசுகிறோம். அது வோல்டேஜ் ரெகுலேட்டர்.

லித்தியம் பேட்டரி முழு சார்ஜில் 4.2 வோல்ட் தரும். பயன்படுத்தப் பயன்படுத்த 3 வோல்ட் வரை இறங்கும். உள்ளே இருக்கும் சிப்புக்கோ பெரும்பாலும் நிலையான 3.3 வோல்ட் வேண்டும். ஏறி இறங்குவதை ஒரே அளவில் நிறுத்தித் தருவதே ரெகுலேட்டரின் வேலை.

கடைகளில் எளிதில் கிடைப்பது ஏ.எம்.எஸ். 1117. அது 3.3 வோல்ட் தர, உள்ளே வருவது சுமார் ஒரு வோல்ட்டாவது கூடுதலாக, அதாவது 4.3 வோல்ட் இருக்க வேண்டும். முழு சார்ஜிலேயே பேட்டரியிடம் அது இல்லை! மேலும், சாதனம் சும்மா இருந்தாலும் இது சுமார் 5 மில்லி ஆம்பியர் எடுத்துக்கொள்ளும். 2000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரியை, ரேடியோவைப் பாடவிடாமலே பதினாறு, பதினேழு நாளில் இது தீர்த்துவிடும்.

எம்.சி.பி. 1700 போன்ற லோ டிராப்அவுட் வகைக்கு, 250 மில்லி ஆம்பியர் எடுக்கும்போதும் சுமார் 0.18 வோல்ட் கூடுதல் போதும். பேட்டரி 3.5 வோல்ட்டுக்கு இறங்கும் வரை ரேடியோ ஒழுங்காகப் பாடும். அது தனக்கென எடுப்பதும் 2 மைக்ரோ ஆம்பியருக்குள்தான்.

பிள்ளைகளே, மூன்றைக் கவனியுங்கள். கால்களின் வரிசை வகைக்கு வகை மாறும். டேட்டாஷீட்டைப் பார்க்காமல் சால்டர் வைக்காதீர்கள். அதில் சொன்ன கெப்பாசிட்டரை விட்டுவிடாதீர்கள். இல்லாவிட்டால் வெளிவரும் வோல்டேஜ் நிலைகொள்ளாமல் ஆடும். 12 வோல்ட்டிலிருந்து 3.3 எடுக்க இவ்வகை ஏற்றதல்ல. முக்கால் பங்கு மின்சாரம் வெப்பமாக வீணாகும். அங்கே பக் கன்வெர்ட்டர் வையுங்கள்.

தாய்மார்களே, பேட்டரி உப்பியிருந்தால் எந்தப் பாகத்தை மாற்றியும் பயனில்லை. அதைச் சார்ஜில் போடாமல், குழந்தைகளுக்கு எட்டாமல் வைத்துக் கடைக்குக் கொண்டுவாருங்கள்.

மலையிலிருந்து வருபவருக்கு டிராப்அவுட் என்றால் என்னவென்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. அது நமக்குத் தெரியும் என்று நம்பித்தான் அவர் பொருளை நம் கையில் தருகிறார். அந்த நம்பிக்கையைக் காப்போம், இன்ஷா அல்லாஹ்.