கண்டுபிடிச்சா போதுமா? வாய் திறக்கணுமே!

பட்டிமன்றத் தலைப்பு: சோவியத் காலத்துத் துப்பறியும் கதைகளில் நம்மைப் பெரிதும் கவர்வது மர்மத்தின் முடிச்சா? மனசாட்சியின் போராட்டமா?

('மனசாட்சியின் போராட்டமே' என்ற அணியின் இரண்டாவது பேச்சு)

நடுவர் அவர்களே! என் அணித் தலைவர் அவர்களே! 'மர்மமே' என்று மர்மமாகவே பேசிவிட்டுப் போயிருக்கிற எதிரணி நண்பர்களே! அரங்கத்திலும் வீட்டுக் கூடத்திலும் அமர்ந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே! 

எனக்கு முன்னாடி பேசின எதிரணிச் சகோதரி ரொம்ப அழகாப் பேசினாங்க. "துப்பறியும் கதைக்குக் கடைசிப் பக்கம்தான் உயிர். கடைசிப் பக்கத்தைக் கிழிச்சுட்டா அந்தப் புத்தகத்தை எடைக்குத்தான் போடணும்"னு சொன்னாங்க. நடுவர் ஐயாவும் ரசிச்சுத் தலையாட்டினீங்க. நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். (சிரிப்பு)

ஐயா, அது ஷெர்லாக் ஹோம்ஸுக்குப் பொருந்தும். அகதா கிறிஸ்டிக்குப் பொருந்தும். அங்கே என்ன நடக்கிறது? துப்பறிகிறவர் யோசிக்கிறார். 'இவன்தான் கொலைகாரன்' என்று விரலை நீட்டுகிறார். உடனே போலீஸ் வந்து விலங்கு மாட்டுது. கதை முடிஞ்சது. ஏன் அங்கே முடியுது? உண்மை தெரிந்துவிட்டால் மற்றதைப் பார்த்துக்கொள்ள ஒரு போலீஸ் இருக்கு, ஒரு கோர்ட்டு இருக்கு, எழுதுறதுக்கு நாலு பத்திரிகை இருக்கு என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையிலே நாம புத்தகத்தை மூடி வச்சுட்டு நிம்மதியாத் தூங்கப் போறோம்.

சோவியத் காலத்துக் கதையில் அப்படித் தூங்கப் போக முடியாது. அங்கே உண்மை தெரிஞ்ச இடத்துலதான் கதையே ஆரம்பிக்குது! கொலைகாரன் யாருன்னு அதிகாரிக்குத் தெரியும். படிக்கிற நமக்கும் தெரியும். ஆனா அதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? சொன்னா வேலை இருக்குமா? வீடு இருக்குமா? பெண்டாட்டி பிள்ளை இருப்பாங்களா? அதுதான் கேள்வி.

ஏன் அப்படி? காரணம் இருக்கு. சோஷலிச சமுதாயம் வளர வளரக் குற்றங்கள் தானாகத் தேய்ந்து மறைந்துவிடும் என்பது அந்த நாட்டின் அதிகாரபூர்வமான சித்தாந்தம். குற்றம் என்பது முதலாளித்துவம் விட்டுப்போன வியாதி. இப்போ தெருவில் ஒரு பிணம் கிடக்குது. அது வெறும் பிணமா? இல்லைங்க. 'நீங்க சொன்னது நடக்கலியே' என்று அரசாங்கத்தைப் பார்த்துக் கேட்கிற சாட்சி! அதனாலே கொலைகாரனைத் தேடுறதுக்கு முன்னாடி, 'இது கொலைதானா?' என்று சொல்லுவதற்கே ஒரு தைரியம் வேண்டியிருந்தது.

ஒரு உதாரணம். மார்ட்டின் குரூஸ் ஸ்மித் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1981-ல் எழுதிய 'கார்க்கி பார்க்' நாவல். மாஸ்கோவில் கார்க்கி பூங்கா. பனிக்குள்ளே மூன்று சடலங்கள். அடையாளம் தெரியக்கூடாது என்று முகங்களையும் விரல் நுனிகளையும் சிதைத்திருக்கிறார்கள். விசாரிக்க வருகிறவர் அர்க்காடி ரென்கோ. இங்கே மர்மம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். எதிரணி நண்பர்கள் கைதட்டலாம். (சிரிப்பு)

ஆனா ரென்கோ முதல்ல என்ன செய்யறார் தெரியுமா? பூதக்கண்ணாடியைத் தூக்கிக்கிட்டு ஓடலை. 'இந்த வழக்கை எப்படியாவது கே.ஜி.பி. தலையில் கட்டிவிட முடியுமா?' என்று பார்க்கிறார்! ஃபைலை அடுத்த மேஜைக்குத் தள்ளிவிடுகிற குணம் உலகம் பூரா உண்டு போலிருக்கு. ஏன் தள்ளப் பார்க்கிறார்? அவர் சோம்பேறி இல்லை. இந்த வழக்கு எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று அவருக்கு வாசனை அடித்துவிட்டது. தள்ள முடியவில்லை. விசாரிக்கிறார். பாதிப் புத்தகத்திலேயே, விலை உயர்ந்த சேபிள் ரோம வியாபாரம் செய்யும் பெரிய இடத்து மனிதர் ஒருவர்மேல் சந்தேகம் உறுதியாகிவிடுகிறது. எதிரணிக் கணக்குப்படி அப்பவே நாம புத்தகத்தை மூடியிருக்கணும். மூடினோமா? அதுக்கப்புறம்தானே நாம நாற்காலி நுனிக்கு வர்றோம்! அந்த மனிதருக்கு மேலிடத்து ஆசி இருக்கிறது. இந்த அதிகாரி என்ன ஆவார்? அந்தப் பயம்தான் நம்மைப் பக்கம் புரட்ட வைக்கிறது.

உண்மையைச் சொன்னவருக்குக் கிடைத்த பரிசு என்ன? அடுத்து வந்த 'போலார் ஸ்டார்' நாவலில், 1989-ல், அதே ரென்கோவைப் பார்க்கிறோம். மாஸ்கோவில் இல்லை. அதிகாரி நாற்காலியில் இல்லை. பேரிங் கடலில் ஒரு மீன்பிடிக் கப்பல். அதன் அடித்தளத்தில் நாள் முழுக்க மீன் அறுத்துச் சுத்தம் பண்ணுகிற வேலை! ஒரு நாள் வலையிலே மீனோடு சேர்ந்து ஒரு பெண்ணின் சடலம் வந்து விழுகிறது. 'நீ பழைய புலனாய்வு அதிகாரிதானே, விசாரி' என்று கூப்பிடுகிறார்கள். நாமா இருந்தா என்ன சொல்லுவோம்? 'போதும்டா சாமி, போன தடவை உண்மை சொன்னதுக்குத்தான் மீன் கழுவுறேன், இன்னொரு தடவை சொன்னா கடல்லயே போட்டுருவீங்க' என்று சொல்லமாட்டோமா? அந்த மனிதர் கையைக் கழுவிக்கொண்டு விசாரிக்கக் கிளம்புகிறார் பாருங்கள், அங்கேதான் ஐயா நம்ம மனசு அவரோடு போய்விடுகிறது. (கைதட்டல்)

இன்னொரு அதிகாரி இருக்கிறார். ஸ்டூவர்ட் கமின்ஸ்கி என்பவர் படைத்த ரோஸ்ட்னிகோவ். கமின்ஸ்கிக்கு 1989-ல் அமெரிக்காவின் எட்கர் விருதை வாங்கிக் கொடுத்த பாத்திரம். போரில் கால் ஊனமானவர். எடை தூக்கிப் பயிற்சி செய்கிறவர். அவருக்கு இன்னொரு ஆசை. என்ன தெரியுமா? குழாய் ரிப்பேர்! அடுக்குமாடிக் குடியிருப்பில் அக்கம்பக்கத்து வீட்டுத் தண்ணீர்க் குழாய் ஒழுகினால் இன்ஸ்பெக்டரே ஸ்பேனரோடு போய் நிற்பார். தாய்மார்கள் சிரிக்கிறீர்கள். 'நம்ம வீட்டுக்காரருக்கும் இந்த ஆசை வரக்கூடாதா' என்று நினைக்கிறது தெரியுது. (சிரிப்பு)

சிரிப்புக்காக மட்டும் சொல்லலை. கொலை வழக்கில் மேலதிகாரி 'இதோடு நிறுத்து' என்றால் நிறுத்தித்தான் ஆகணும். குழாய்க்கு அப்படி ஒரு மேலதிகாரி கிடையாது. ஒழுகினா ஒழுகுதுன்னு சொல்லலாம், அடைச்சா நின்னுடுச்சுன்னு சொல்லலாம். அங்கேயாவது ஒரு விஷயத்தை முழுசா முடிக்கிற திருப்தி அந்த மனுஷனுக்கு! ஒரு நேர்மையான அரசு ஊழியருடைய ஏக்கம் முழுவதும் அந்த ஸ்பேனருக்குள்ளே இருக்கிறது.

உடனே எதிரணியிலிருந்து ஒரு குரல் வரும். "இதெல்லாம் அமெரிக்கக்காரன் ரஷ்யாவை மட்டம் தட்ட எழுதினது. இதுல மனசாட்சி எங்கே வந்தது?" என்று. நியாயமான கேள்விதான். ஆனா 'கார்க்கி பார்க்'கிலே நான் சொன்னேனே ரோம வியாபாரி, அவன் எந்த நாட்டுக்காரன்? அமெரிக்கன்! பணத்தாசைக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் கிடையாது என்றுதானே அந்த எழுத்தாளர் காட்டுகிறார்.

சரி, வெளிநாட்டுக்காரரை விட்டுவிடுங்கள். சோவியத் நாடே எடுத்த தொடருக்கு வருகிறேன். 1979-ல் அந்த நாட்டுத் தொலைக்காட்சியில் ஐந்து பகுதிகளாக வந்தது. 'சந்திக்கும் இடத்தை மாற்ற முடியாது' என்று தமிழில் சொல்லலாம். வெய்னர் சகோதரர்கள் எழுதிய நாவல். இயக்கியவர் ஸ்தனிஸ்லாவ் கவருகின். அது ஓடுகிற நேரத்தில் தெருவில் நடமாட்டமே இருக்காது என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். கதை நடப்பது 1945. போர் முடிந்த மாஸ்கோ. 'கறுப்புப் பூனை' என்று ஒரு கொள்ளைக் கூட்டம். பிடிக்க வேண்டிய அதிகாரி ழெக்லோவ். நடித்தவர் அந்த நாடே கொண்டாடிய பாடகர் விளாதிமிர் விசோத்ஸ்கி. அவருக்குக் கீழே, போர்முனையிலிருந்து புதிதாக வந்து சேர்ந்த இளைஞன் ஷராப்பவ்.

ஒரு காட்சி. டிராம் வண்டியிலே ஒரு பிக்பாக்கெட்காரன் ஒரு அம்மாவின் பர்ஸை அடிக்கிறான். பிடிக்கப் போனால் பர்ஸைக் கீழே போட்டுவிடுகிறான். சாட்சியம் போச்சு. ழெக்லோவ் என்ன செய்கிறார்? யாரும் பார்க்காதபோது அந்தப் பர்ஸை எடுத்து அவன் பையிலேயே திரும்பப் போட்டுவிடுகிறார். 'கையும் களவுமாப் பிடிச்சாச்சு!' இளைஞன் ஷராப்பவ் தவிக்கிறான். 'இது பொய் இல்லையா?' என்கிறான். மேலதிகாரி கேட்கிறார்: 'அவன் திருடன்தானே? நான் யாருக்கு அநியாயம் பண்ணினேன்?'

நடுவர் அவர்களே, இந்த இடத்திலே மர்மம் ஏதாவது இருக்கா? திருடன் யார் என்று தெரியும். எப்படித் திருடினான் என்று தெரியும். எல்லாம் தெரிந்த பிறகும் ஒரு நாடே பல வருஷமா விவாதம் பண்ணிக்கிட்டிருக்கு: ழெக்லோவ் செய்தது சரியா, ஷராப்பவ் கேட்டது சரியா என்று. அதே தொடரில் ஒரு டாக்டர்மேல் கொலைப்பழி விழுகிறது. ழெக்லோவ் 'இவன்தான்' என்று சாதிக்கிறார். கடைசியில் அவர் நிரபராதி! 'திருடன்தானே' என்று பர்ஸைப் போட்ட அதே உறுதிதான் 'கொலைகாரன்தானே' என்று ஒரு நல்லவரையும் சிறையில் போட்டது.

இது கதையோடு போனா பரவாயில்லை ஐயா. நிஜத்திலும் நடந்தது. இதைச் சிரிக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது.

தெற்கு ரஷ்யாவில் ரஸ்தோவ் வட்டாரம். 1978 முதல் 1990 வரை சிக்கடிலோ என்ற ஒருவன் பெண்களையும் குழந்தைகளையும் தேடித் தேடிக் கொன்றான். முதல் கொலை 1978-ல், ஒரு சிறுமி. அந்த வழக்கிலே போலீஸ் யாரைப் பிடித்தது? கிராவ்சென்கோ என்று ஒருவரை. ஏன் அவரை? ஏற்கெனவே ஒரு குற்றத்துக்குத் தண்டனை அனுபவித்தவர். 'இவன் குற்றவாளிதானே' என்று சொல்ல வசதியாக இருந்தது. வாக்குமூலம் வாங்கப்பட்டது. மரண தண்டனையும் நிறைவேற்றப்பட்டது. கேஸ் முடிந்தது, கணக்கு நேராகிவிட்டது. உண்மையான கொலைகாரன் வெளியே நடமாடிக்கொண்டிருந்தான்.

1984-ல் சிக்கடிலோவையே பிடித்தார்கள். பையில் கத்தியும் கயிறும் இருந்தன. ரத்தப் பிரிவு ஒத்துவரவில்லை என்று கொலை வழக்கிலிருந்து விட்டுவிட்டார்கள். பத்திரிகைகள் பல வருஷம் இதை வெளிப்படையாக எழுதவில்லை. 'பிள்ளைகளைத் தனியாக ரயிலடிக்கு அனுப்பாதீர்கள்' என்று பெற்றவர்களுக்கு முறையாக ஒரு எச்சரிக்கை கூடப் போகவில்லை. ஏன்? இப்படி ஒருத்தன் நம்ம நாட்டில் இருக்கவே முடியாது என்ற பிடிவாதம். 1990-ல்தான் அவன் கடைசியாகப் பிடிபட்டான். அந்த முதல் கொலையையும் ஒப்புக்கொண்டான். 1992-ல் 52 கொலைகளுக்காகத் தீர்ப்பு. 1994-ல் தண்டனை நிறைவேறியது. கிராவ்சென்கோமேல் போட்ட தீர்ப்பையும் ரத்து செய்தார்கள். ரத்து செய்த தீர்ப்பைக் கேட்க அவர்தான் இல்லை. (அமைதி)

இந்தச் சம்பவத்தின் பாதிப்பில்தான் டாம் ராப் ஸ்மித் என்ற ஆங்கில எழுத்தாளர் 2008-ல் 'சைல்டு 44' எழுதினார். காலத்தை 1953-க்கு, ஸ்டாலின் காலத்துக்கு, மாற்றிக்கொண்டார். தண்டவாளத்தில் ஒரு சிறுவனின் உடல். பெற்றவர்கள் 'கொலை' என்று கதறுகிறார்கள். ரகசியப் போலீஸ் அதிகாரி லியோ தெமிதோவை அனுப்புகிறார்கள். எதற்கு? கொலைகாரனைப் பிடிக்க அல்ல. 'இது விபத்து' என்று அந்தப் பெற்றோரை ஒப்புக்கொள்ள வைக்க! அவரும் போய் அதைச் செய்துவிட்டு வருகிறார். நம்ம கதாநாயகன் முதலில் பொய்யின் பக்கம்தான் நிற்கிறார். பிறகு, 'உன் மனைவி துரோகி என்று எழுதிக்கொடு' என்று அவரிடமே காகிதம் நீட்டப்படுகிறது. எழுதிக்கொடுக்க மறுக்கிறார். பதவி போகிறது, ஊர் போகிறது. அதற்குப் பிறகுதான் அந்தச் சிறுவனின் மரணம் அவர் மனசைக் குடைய ஆரம்பிக்கிறது. பொய் தன் வீட்டு வாசலுக்கு வந்தபோதுதான் அடுத்த வீட்டு அழுகுரல் காதில் விழுந்தது. இதைவிடவா பெரிய மர்மம் வேண்டும்?

இந்த நாவலைப் படமாக எடுத்தார்கள். 2015-ல் ரஷ்யாவில் திரைக்கு வர வேண்டிய கடைசி நேரத்தில் நிறுத்தப்பட்டது. வரலாற்றைத் திரிக்கிறது என்று காரணம் சொன்னார்கள். சோவியத் யூனியன் கலைந்தது 1991-ல். 24 வருஷம் கழித்தும் ஒரு கற்பனைக் கதை யாரையோ உறுத்துகிறது என்றால், அதில் இருப்பது வெறும் விடுகதையா? விடுகதைக்கு யாராவது பயப்படுவார்களா?

நான் அந்த நாட்டையோ, அந்த மக்களையோ குறை சொல்ல வரவில்லை. மாஸ்கோவில் தமிழிலேயே அச்சடித்து, கெட்டி அட்டை போட்டு, மலிவு விலைக்கு நமக்குப் புத்தகம் அனுப்பிய நாடு அது. டால்ஸ்டாயையும் கார்க்கியையும் நம்மில் பலபேர் படித்தது அந்தப் புத்தகங்களில்தான். அப்படிப்பட்ட நாட்டிலே, பயத்துக்கு நடுவிலேயும் ஒரு ரென்கோ இருந்திருப்பான், ஒரு ஷராப்பவ் கேட்டிருப்பான் என்று நம்புகிறோம் பாருங்கள், அந்த நம்பிக்கைதான் இந்தக் கதைகளின் ஈர்ப்பு.

எதிரணி நண்பர்களே, முடிச்சு அவிழ்ந்த புத்தகத்தை மறுபடி படிக்கத் தோணாது. இவற்றை மறுபடி மறுபடி படிக்கிறோமே, ஏன்? நாமும் ஒரு ஆபீஸில் வேலை பார்க்கிறோம். தப்பு என்று தெரிந்த ஒரு காகிதம் நம் மேஜைக்கும் வருகிறது. கையெழுத்துப் போடலாமா வேண்டாமா என்று நம்ம பேனாவும் ஒரு நிமிஷம் நிற்கிறது. அந்த ஒரு நிமிஷத்தைத்தான் இந்தக் கதைகள் முந்நூறு பக்கத்துக்கு விரித்துக் காட்டுகின்றன.

கொலைகாரன் யார் என்று கண்டுபிடிக்க மூளை போதும். கண்டுபிடித்ததைச் சொல்ல நெஞ்சு வேண்டும். மூளையை வியக்கலாம்; நெஞ்சைத்தான் நேசிக்க முடியும். ஆகவே, சோவியத் காலத்துத் துப்பறியும் கதைகளில் நம்மைப் பெரிதும் கவர்வது மனசாட்சியின் போராட்டமே என்று, தங்கள் மனசாட்சியையும் ஒரு தரம் கேட்டுப் பார்த்துத் தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.  (கைதட்டல்)