ஸ்கிரீன் கறுத்தாலும் பாட்டு ஓடுதா?

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த வாரம் ஒரு வாய்ஸ் நோட்ல இருந்தே ஆரம்பிச்சிடலாம். அனுப்பினது மணவாள நகர்ல இருக்கிற ஒரு தங்கச்சி. திருவள்ளூர் ஸ்டேஷன் பக்கம், தண்டவாளத்தை ஒட்டின தெரு. வீட்ல இருந்தே நைட் ஷிஃப்ட், கஸ்டமர் சப்போர்ட் வேலை. திடீர் திடீர்னு மானிட்டர் கறுத்துப் போகுது, மூணு நாலு செகண்ட்ல திரும்ப வருது. சில நாள் ஒரு தடவை கூட இல்ல, சில நாள் ஆறு தடவை. ரெண்டு தடவை கஸ்டமர் லைன்ல இருக்கும்போதே போயிருக்கு. ப்ரொபேஷன் முடிய இன்னும் ஒரு மாசம்தான். "சிஸ்டம் சரியா வெச்சுக்கலன்னா எப்படி"ன்னு டீம் லீட் கேட்டாச்சு. கடைக்குத் தூக்கிட்டுப் போனா, பத்து நிமிஷம் ஓட்டிப் பார்த்துட்டு, "பேனல் போச்சும்மா, புதுசு வாங்கிடுங்க"ன்னு சொல்லிட்டாங்க. அப்பா என்னடான்னா, "ட்ரெயின் போறப்பதான் வருது"ங்கிறார். இவங்க கேட்கிறது ஒண்ணே ஒண்ணு: "புதுசு வாங்கணுமா அண்ணா?"

முதல்ல அப்பா சொன்னதை எடுத்துப்போம். ஏன்னா அது முட்டாள்தனமான பேச்சு இல்ல. பழைய குண்டு மானிட்டர், அதான் சிஆர்டி, அதுக்குள்ள எலக்ட்ரான் கற்றை ஒண்ணு ஸ்கிரீன்ல படம் வரையும். பக்கத்துல பலமான காந்தப்புலம் இருந்தா அந்தக் கற்றை வளையும், படம் ஆடும். நம்ம ரயில் பாதையில மேல போற கம்பியில 25,000 வோல்ட் ஏசி. ரயில் பாதை ஓரத்துல சிஆர்டி வெச்சிருந்தவங்க படம் நடுங்குறதைப் பார்த்திருப்பாங்க. ஆனா அப்பவும் நடுங்கும், இப்படி மொத்தமா கறுத்துட்டுத் திரும்பி வராது. எல்சிடியில அந்தக் கற்றையே கிடையாது. இன்னொண்ணு, சென்னை அரக்கோணம் லைன்ல எத்தனை வண்டி ஓடுதுன்னு உங்களுக்கே தெரியும். எப்ப ஸ்கிரீன் கறுத்தாலும் ஏதாவது ஒரு வண்டி போயிட்டுத்தான் இருக்கும்.

சரி, இப்ப கடைக்காரர் சொன்னது. இதுல எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. எப்பவாவது வர்ற கோளாறை, வராத பத்து நிமிஷத்துல பார்த்து எப்படிக் கண்டுபிடிச்சாங்க? நான் தங்கச்சிகிட்ட திருப்பிக் கேட்டது மூணு கேள்வி. ஸ்கிரீன் கறுக்கும்போது ஹெட்செட்ல சத்தம் வருதா? மானிட்டர் ஓரத்துல இருக்கிற குட்டி லைட் எரியுதா, அணையுதா? ஸ்கிரீன்ல ஏதாவது எழுத்து வருதா?

அடுத்த தடவை வந்தப்ப உத்துப் பார்த்துட்டு பதில் அனுப்பினாங்க. சத்தம் வருது. லைட் எரியுது. ஒரு செகண்ட் "நோ சிக்னல்"னு வந்துட்டுப் போகுது.

இந்த இடத்துல நில்லுங்க. "நோ சிக்னல்"ங்கிற எழுத்தைக் காட்டுனது எது? அந்தப் பேனல்தான். பின்னாடி வெளிச்சம் எரியுது, எழுத்து தெளிவா வருது. அப்ப போனது பேனல் இல்ல, பேனலுக்கு வர வேண்டிய சிக்னல். ஒரு மாசச் சம்பளத்துல பாதியை எடுத்து வைக்கிற முடிவு, இந்த ஒரு செகண்ட் எழுத்துல மாறிடுது.

மத்தவங்களுக்கும் சொல்லிடுறேன், எல்லாருக்கும் இதே கதை இருக்காது. அந்தக் குட்டி லைட்டே அணைஞ்சு போகுதுன்னா பவர் பிரச்சினை: அடாப்டர், லூசான ப்ளக், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். லைட் எரியுது, ஆனா எழுத்தே இல்லாம கறுப்பா நிக்குதுன்னா, ரூம் லைட்டை அணைச்சுட்டு மொபைல் டார்ச்சை ஸ்கிரீன்ல சாய்வா அடிச்சுப் பாருங்க. மங்கலா படம் தெரிஞ்சா பேக்லைட் போயிருக்கு. ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கின செகண்ட் ஹேண்ட் மானிட்டர்கள்ல இதையும் பார்க்கலாம், உள்ளே கெப்பாசிட்டர் உப்பிப் போன கேஸையும் பார்க்கலாம். யூடியூப் பார்த்துட்டு நீங்களே திறந்துடாதீங்க. 230 வோல்ட் ஏசி, உள்ள போய் டிசியா மாறும்போது 325 வோல்ட் வரைக்கும் போகும். ப்ளக்கைப் பிடுங்கின பிறகும் அந்தப் பெரிய கெப்பாசிட்டர் கொஞ்ச நேரம் அதைப் பிடிச்சு வெச்சிருக்கும்.

கரண்ட் கட் ஆகி இன்வெர்ட்டருக்கு மாறுற நொடியில மட்டும் வருதுன்னா அது வேற. நிறைய வீட்டு இன்வெர்ட்டர்ல பின்னாடி ஒரு ஸ்விட்ச் இருக்கும், யுபிஎஸ் மோடா நார்மலான்னு. நார்மல்ல இருந்தா மாற எடுத்துக்கிற நேரம் அதிகம். யுபிஎஸ் மோடுல வைங்க.

தங்கச்சி கதைக்கு வருவோம். சிக்னல் போகுதுன்னா அனுப்புற இடத்துல தப்பு, இல்ல வழியில தப்பு. அனுப்புறது கிராபிக்ஸ். விண்டோஸ்ல கிராபிக்ஸ் 2 செகண்ட் பதில் சொல்லலைன்னா, விண்டோஸே அதை ரீசெட் பண்ணும், அப்ப ஸ்கிரீன் கறுத்துட்டு வரும். ஆனா அது தடயம் விடும். ஈவென்ட் வியூவர் திறந்து சிஸ்டம் லாக்ல 4101ங்கிற நம்பரைத் தேடுங்க. கறுத்த நேரமும் அந்த நேரமும் ஒத்துப்போனா டிரைவர் அல்லது கார்டு. இவங்க லாக்ல அப்படி ஒண்ணுமே இல்ல. அப்ப வழியில தப்பு.

மூணு நாள் ஒரு நோட்டுல நேரம் எழுதச் சொன்னேன். நேரம் மட்டும் இல்ல, அப்ப வீட்ல என்ன நடந்துச்சுன்னும். மூணாவது நாள் ராத்திரி அவங்களே மெசேஜ் போட்டாங்க: "அண்ணா, ஃப்ரிட்ஜ் 'டொக்'னு ஆன் ஆகுற சத்தம் வரும்போதுதான்." ஃப்ரிட்ஜும் கம்ப்யூட்டரும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல. கேபிள் அஞ்சு மீட்டர் எச்டிஎம்ஐ, மலிவு சரக்கு, மேஜைக்குப் பின்னாடி மடிஞ்சு கிடக்கு. கம்ப்ரஸர் ஸ்டார்ட் ஆகும்போது வழக்கமா இழுக்கிறதைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும், அந்த ஸ்விட்ச் தட்டுற நொடியில ஒரு மின்துடிப்பு கிளம்பும். மேல உறை சரியா இல்லாத நீளக் கேபிள் அதை ஆன்டெனா மாதிரி வாங்கிக்கும். மானிட்டர் சிக்னலைத் தவறவிட்டு, திரும்பப் பிடிக்க மூணு செகண்ட்.

நம்ப முடியலையா? பெரிய கம்பெனிக்கே நடந்திருக்கு. எல்ஜியோட அல்ட்ராஃபைன் 5கே மானிட்டர், விலை உயர்ந்த சாமான், வைஃபை ரவுட்டர் பக்கத்துல வெச்சா தடுமாறுச்சு. 2017ல எல்ஜியே ஒத்துக்கிட்டு, உள்ளே கவசம் சேர்த்துக் கொடுத்தாங்க. இன்னும் விசித்திரம், கேஸ் லிஃப்ட் இருக்கிற ஆபீஸ் நாற்காலியில இருந்து எழுந்தாலே சிலருக்கு ஸ்கிரீன் கறுக்கும், நிலைமின்சாரத்தால. நம்ம ஊர்ப் புழுக்கத்துல அது கம்மி. ஆனா நாள் முழுக்க ஏசி ஓடுற ரூம்ல நடக்கலாம்.

ஒரே நேரத்துல ரெண்டையும் மாத்த வேண்டாம்னு சொன்னேன். மாத்தினா எதனால சரியாச்சுன்னு தெரியாது. முதல்ல காசில்லாத வேலை: ஃப்ரிட்ஜைத் தனியா சுவத்து ப்ளக்குக்கு மாத்தினாங்க. நாள் ரெண்டு மூணு தடவைன்னு இருந்தது, ஒரு வாரத்துல ரெண்டுன்னு ஆச்சு. குறைஞ்சது, நிக்கல. அப்புறம் ஒன்றரை மீட்டர்ல நல்ல கேபிள் ஒண்ணு. அதுக்கப்புறம் பதினாறு நாளா வரலைன்னு நேத்து மெசேஜ்.

இதுல எனக்குப் பிடிச்சது வேற. அந்த மூணு நாள் நோட்டை அவங்க போட்டோ எடுத்து, காரணமும் மாத்தினதும் ரெண்டு வரியில எழுதி, டீம் லீடுக்கு மெயில் போட்டுட்டாங்க. ப்ரொபேஷன் ரிவ்யூ வர்ற வெள்ளிக்கிழமை. அப்பா இன்னும் ட்ரெயின்தான்னு சொல்லிட்டு இருக்காராம்.

உங்க வீட்டு ஸ்கிரீனும் இப்படிப் பண்ணுதுன்னா, சத்தம், லைட், எழுத்து மூணையும் பார்த்துட்டு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.