முதலில் தேட வேண்டியது எது?

1835ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஜார்ஜ் முல்லர் என்ற சபை ஊழியர் ஒரு தொழிலாளியைப் பார்க்கப் போனார். அந்தத் தொழிலாளி நல்ல விசுவாசி. ஆனால் நாளுக்கு 14 மணி நேரம், சில நாள்களில் 16 மணி நேரம்கூட வேலை செய்தார். உடல் தளர்ந்துவிட்டது, ஜெபத்திலும் உற்சாகம் இல்லை. வேலையைச் சற்றுக் குறைத்துக்கொண்டு வேதம் வாசிக்கவும் ஜெபிக்கவும் நேரம் ஒதுக்கலாமே என்றார் முல்லர். வேலையைக் குறைத்தால் குடும்பத்துக்குப் போதாது, இவ்வளவு உழைத்தும் தேவைக்கு எட்டவில்லையே என்று பதில் வந்தது.

கிள்ளானிலும் பினாங்கிலும் இன்றும் கேட்கிற பதில்தான் இது. வீட்டுக் கடன், கார் தவணை, பிள்ளைகளின் டியூஷன் கட்டணம். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் கிடைத்துவிட்டால் ஆராதனை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகிறது. அந்த அடுத்த வாரம் பல மாதங்களுக்கு வருவதே இல்லை. இவர்களைப் பேராசைக்காரர்கள் என்று சொல்வது அநியாயம். பெரும்பாலோரை ஓட வைப்பது ஆசை அல்ல, பயம்.

பயத்துக்கு அறிவுரை மருந்தாகாது என்பது முல்லருக்குப் புரிந்தது. மத்தேயு ஆறாம் அதிகாரத்தில், உணவு உடையைப் பற்றிய கவலைக்கு முன்பாகத் தேவனுடைய இராஜ்யத்தை வைக்கும்படி இயேசு சொல்கிறார். அது தெரியாத விசுவாசி இல்லை. தெரிந்தும் நம்ப முடியவில்லை என்பதுதான் சிக்கல். ஆகவே கண்ணால் காணும்படி ஒரு சான்று வேண்டும் என்று எண்ணினார். 1836 ஏப்ரல் மாதம் வில்சன் தெருவில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, அநாதைச் சிறுமிகளுக்கு இல்லம் தொடங்கினார்.

பிள்ளைகளைப் பராமரிப்பது இந்த இல்லத்தின் முதல் நோக்கம் அல்ல என்று அவரே வெளிப்படையாக எழுதினார். எந்த மனிதரிடமும் கேட்காமல், ஜெபத்தினால் மட்டுமே தேவைகள் சந்திக்கப்படுவதைச் சோர்ந்துபோன விசுவாசிகள் பார்க்க வேண்டும். அதுவே முதல் நோக்கம். காதுக்குக் கொஞ்சம் கடுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த இரண்டாவது நோக்கத்தில், அவருடைய வாழ்நாளிலேயே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் உண்டு, உடுத்தி, படித்து வளர்ந்தார்கள்.

ஊழியருக்கு இது எளிது, குடும்பஸ்தனுக்கு முடியுமா என்று சிலர் கேட்பார்கள். முல்லரும் குடும்பஸ்தர்தான். 1830 அக்டோபரில் திருமணம் ஆனது. அதே மாதக் கடைசியில் சபைச் சம்பளத்தை வேண்டாம் என்றார். ஆலயத்தில் நல்ல இருக்கைகளுக்கு வாடகை வாங்கி, அதிலிருந்து ஊழியருக்குச் சம்பளம் தருவது அப்போதைய வழக்கம். ஏழைக்குப் பின்வரிசைதான் கிடைக்கும். அந்தப் பணம் அவருக்குக் கசந்தது.

கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அல்லர் அவர். இல்லத்துக்காகக் கடன் வாங்குவதில்லை என்பதில் உறுதியாக இருந்தார். வரவு செலவுக் கணக்கை அச்சிட்டு வெளியிட்டார். 1841 டிசம்பரில் கையிருப்பு மிகவும் குறைந்திருந்தது. ஆண்டறிக்கை வெளியிட வேண்டிய நேரமும் அதுவே. அறிக்கை வந்திருந்தால் நிலைமை தெரிந்து பலர் உதவியிருப்பார்கள். அது மறைமுகமாகக் கேட்பதாகிவிடும் என்று எண்ணி, அறிக்கையைத் தள்ளிவைத்தார். பணம் கேட்பதற்கென்றே சுற்றறிக்கை அச்சிடும் நம் கால ஊழியங்கள் இதைச் சற்று யோசிக்கலாம். தமிழ்நாட்டில் டோனாவூரில் 1901 முதல் பிள்ளைகளைக் காத்து வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரும் பணத்துக்காக மனிதரிடம் கை நீட்டாதவர்தான்.

இராஜ்யத்தை முதலில் தேடினால் கார் வரும், பங்களா வரும் என்று போதிப்பவர்கள் இன்று அதிகம். அப்படிப் பார்த்தால் முதலில் தேடப்படுவது காரும் பங்களாவும்தான். தேவன் அதற்கு வழியாகிவிடுகிறார். முல்லரிடம் இந்த வரிசை தலைகீழாக இருந்தது. பத்து இலட்சம் பவுனுக்கு மேல் அவர் கை வழியாகச் சென்றது. பல நாள்களில் அடுத்த வேளை உணவுக்கே பணம் இல்லாமல் ஜெபித்ததை அவருடைய நாட்குறிப்பு சொல்கிறது.

1898 மார்ச் 9ஆம் தேதி, தமது 92ஆவது வயதில், வழக்கம்போல் மாலை ஜெபக் கூட்டத்தை நடத்தினார். மறுநாள் காலை கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அவர் விட்டுச்சென்ற சொந்த உடைமைகளின் மதிப்பு 200 பவுனுக்கும் குறைவு.