பெயருக்கு எவ்வளவு இடம் வேண்டும்?

(ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சி ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சி மொழியில் சரங்களை அமைப்பது பற்றிப் பேச வந்திருக்கிறேன். தொடக்க வகுப்பு ஆசிரியர்களும் இங்கே இருக்கிறீர்கள். இதில் நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். இது ஒரு மாணவனின் பெயரைப் பற்றிய பேச்சும்தான்.

விளையாட்டு விழாச் சான்றிதழ்களை அச்சிட ஒரு சிறு நிரல் எழுதி வைத்திருந்தேன். பெயர்களை ஆங்கிலத்தில் இட்டவரை சிக்கல் வரவில்லை. ஓர் ஆண்டு தமிழிலேயே அச்சிட்டோம். எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் சான்றிதழோடு வந்தான். அவன் பெயரில் பாதிதான் இருந்தது. கடைசியில் புரியாத ஒரு குறி. மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லைங்க சார், எம்பேரு எங்கயும் முழுசா வராது" என்றான்.

அன்று இரவு நிரலைத் திறந்து உட்கார்ந்தேன்.

நிரலில் பெயருக்கு நான் ஒதுக்கியிருந்த இடம் 20 பைட். கார்த்திகேயன் என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் 11 எழுத்து, 11 பைட். சரம் முடிந்தது என்று காட்டும் சுழி பைட்டையும் சேர்த்தால் 12. தமிழில் நம் கணக்குப்படி 7 எழுத்துதான். ஆனால் யூனிகோடில் துணைக்காலும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். அப்படிப் பார்த்தால் 13 குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ஆக 39, சுழியோடு 40. நான் ஒதுக்கிய இடத்தைப் போல இரண்டு மடங்கு!

என் நிரல் பெயரை வெட்டியது. வெட்டாமல் எழுதினால் என்ன ஆகும் என்றும் சோதித்தேன். ஸ்பிரிண்ட்எஃப் என்ற செயற்கூறு இடத்தின் அளவைக் கேட்பதே இல்லை. கொடுத்ததை எழுதிக்கொண்டே போகும். 20 பைட் பெயர், அடுத்து மதிப்பெண் என்று ஒரு கட்டுரு அமைத்தேன். கார்த்திகேயனுக்கு 85, உமாவுக்கு 90. மதிப்பெண்ணை முதலில் இட்டு, பிறகு பெயரை எழுதினேன். என் கணினி அச்சிட்டது என்ன தெரியுமா? பெயர் 'கார்த்திஉமா', மதிப்பெண் -1079058268. பெயர் தன் எல்லையைத் தாண்டி மதிப்பெண்ணின் மேல் ஏறிவிட்டது. மிச்சம் உமாவின் இடத்துக்குள் போனது. அதன் மேல் உமாவின் பெயர் எழுதப்பட்டது. வேறொரு கணினியில் வேறு விதமாகக் கெடலாம். நிரல் பாதியில் நின்றும் போகலாம்.

இதைச் சிறிய பிழை என்று எண்ண வேண்டாம். 1988 நவம்பரில் இணையத்தில் பரவிய மோரிஸ் புழு கணினிகளுக்குள் நுழைந்த வழிகளில் ஒன்று, இதே போல அளவு பாராமல் எழுதும் கெட்ஸ் என்ற செயற்கூறு. 2011ஆம் ஆண்டின் சி தரம் அதை நீக்கியே விட்டது.

இதற்கு மாற்றாக 1999ஆம் ஆண்டின் தரத்தில் வந்தது எஸ்என்பிரிண்ட்எஃப். அளவைச் சொன்னால் அதைத் தாண்டாது. நான் பயன்படுத்தியதும் அதைத்தான். 20 என்றால் 19 பைட் எழுதிச் சுழியிட்டு நிறுத்தும். 18 பைட்டில் 'கார்த்' வரை வரும். மீதி ஒரு பைட் அடுத்த எழுத்தின் துண்டு. அந்த மாணவன் காட்டிய புரியாத குறி அதுதான். நினைவகம் தப்பியது, பெயர் தப்பவில்லை.

அப்படியானால் 20ஐ 200 ஆக்கினால் போதாதா? அதுவும் ஊகம்தான். சரியான வழி, முதலில் அளப்பது. எஸ்என்பிரிண்ட்எஃப் திருப்பித் தரும் மதிப்பை நம்மில் பலர் பார்ப்பதே இல்லை. இடம் போதுமானதாக இருந்திருந்தால் எத்தனை பைட் எழுதியிருக்கும் என்பதே அந்த எண். சுழி இதில் சேராது. எனவே முதல் அழைப்பில் இடமே தராமல், வெற்றுச் சுட்டையும் அளவாக 0வையும் கொடுங்கள். 39 என்று பதில் வரும். எதிர்ம எண் வந்தால் பிழை. அடுத்து மால்லாக் மூலம் 39உடன் ஒன்று கூட்டி 40 பைட் கேளுங்கள். கிடைத்ததா என்று பாருங்கள். பிறகு அதே வடிவமைப்போடு இரண்டாம் முறை அழைத்து எழுதுங்கள். அந்த ஒன்றைக் கூட்ட மறந்தால் கடைசிப் புள்ளி போய், 'கார்த்திகேயன' என்று நின்று, பின்னால் மீண்டும் ஒரு துண்டு ஒட்டிக்கொள்ளும்.

இந்த வேலை முழுவதையும் ஒரே அழைப்பில் செய்வது ஏஎஸ்பிரிண்ட்எஃப். குனு, பிஎஸ்டி நூலகங்களில் நெடுநாளாக உண்டு. 2024ஆம் ஆண்டின் போசிக்ஸ் தரத்திலும் இடம்பெற்றுவிட்டது. தோற்றால் -1 தரும். அதைச் சோதிக்க வேண்டும்.

எந்த வழியானாலும், வாங்கிய நினைவகத்தை ஃப்ரீ மூலம் திருப்பித் தர வேண்டும். 400 சான்றிதழ் அச்சிடும் மடக்கில் அதை மறந்தால், 400 பெயர்களின் இடமும் நிரல் முடியும்வரை வீணாகக் கிடக்கும்.

மேல்நிலை வகுப்பில் நாம் கற்பிப்பது சி++. அதில் சரம் தானாக நீளும். அந்த வசதிக்குப் பின்னால் நடக்கும் வேலையும் இதுவே: தேவையை அறிந்து, இடம் வாங்கி, எழுதி, முடிந்ததும் திருப்பித் தருவது. ஒரு வகுப்பு நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். தன் பெயர் எத்தனை பைட் என்று ஒவ்வொரு மாணவரையும் கணக்கிடச் சொல்லுங்கள். அளவு என்றால் என்ன என்பது அங்கே புரிந்துவிடும்.

தொடக்க வகுப்பு ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். படிவமோ அட்டையோ செயலியோ, புதிதாக எது வந்தாலும் 'ரவி' என்று எழுதிச் சோதிக்காதீர்கள். வருகைப் பதிவேட்டில் மிக நீளமான பெயரை எழுதிப் பாருங்கள். அது அடங்கவில்லை என்றால், பெயரைச் சுருக்காதீர்கள். இடத்தைக் கூட்டச் சொல்லுங்கள்.

மறுநாள் காலை புதிய சான்றிதழை அந்த மாணவனிடம் கொடுத்தேன். எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் படித்தான். கடைசி எழுத்தில் விரல் சற்று நேரம் நின்றது. "முழுசா இருக்கு சார்" என்றான்.